கோழிகளோடு பேசிய பாஷை

பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில், அகலமான தெருவில் அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பொன்னாடை தோளிலேயே கிடந்தது. அதைக் கழற்றும் நினைவுகூட அவளுக்கு இல்லை. ஒரு கையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நினைவுச் சின்னம். மற்றக் கையில் செருப்பு. அன்றைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. மண்டபத்துப் படியிலேயே கழற்றிவிட்டாள். என் கையில் ஒரு சாப்பாட்டுப் பொதி இருந்தது. வெளியே வரும்போது யாரோ திணித்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். கத்தரிக்காய்க் கறியின் எண்ணெய் பையின் அடியில் கசிந்து என் காற்சட்டையில் சொட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் ஒலிபெருக்கி ஓயவில்லை. நன்றியுரை தொடங்கியிருந்தது. இரண்டு தெரு தாண்டிய பிறகும் "அவர்களுக்கும்", "அவர்களுக்கும்" என்று காற்றில் வந்துகொண்டே இருந்தது.

மே மாதம், வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. பஸ் தரிப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் அவளுடைய சரிகைச் சால்வையைப் பார்த்து, சின்யோரா, கல்யாண வீடா என்று கேட்டார்கள். இல்லை, செத்த வீடு என்றாள் அவள். அவர்கள் உடனே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

எனக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மேல், அதன் தலைவர் மேல், அங்கே கைதட்டிய எல்லோர் மேலும், அந்தப் பொதியை வாங்கிக்கொண்ட என் மேலும் அருவருப்பாக இருந்தது. ஏன் என்று சொல்வதற்கு அவள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே அவள் அடுப்பில் நின்றாள், நான் கோப்பை கழுவினேன். ஐம்பது வயதைத் தாண்டியவள். சிசிலிக்காரன் ஒருவனைக் கட்டி இங்கே வந்தாள். அவன் போய்விட்டான், இவள் நின்றுவிட்டாள். பிறந்தது அல்சாஸில். அது பிரான்சின் கிழக்கு ஓரம், ஆற்றைக் கடந்தால் ஜெர்மனி. அங்கே அவர்களுக்கென்று ஒரு வீட்டுப் பாஷை உண்டு. காதுக்கு ஜெர்மன் போலிருக்கும். ஆனால் ஜெர்மன் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், பிரெஞ்சு என்று சொன்னால் சிரிப்பு வரும்.

அந்தப் பாஷை எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் குசினிகளில்தான். ஊரில் யுத்தம் முடிந்து, முட்கம்பி முகாமுக்குள் இருந்து, வெளியே வந்து, எப்படியோ ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது முதலில் வேலை கிடைத்தது அல்சாஸில் ஒரு வைன் கடையின் நிலவறையில். இரண்டு மாரி காலம் அங்கே கோப்பை கழுவினேன். மேலே மேசைகளில் பிரெஞ்சு பேசுவார்கள். கீழே குசினியில் ஏச்சுப் பேச்செல்லாம் அவர்களுடைய பாஷையில். அதனால் உருளைக்கிழங்கு, கத்தி, கதவைச் சாத்து, கழுதை, பிறகு இங்கே எழுத முடியாத பல சொற்கள் எனக்குப் பாடம். 'ஹோப்லா' என்று ஒரு சொல் உண்டு. அது எல்லாவற்றுக்கும் உதவும். எழும்பு, விழுந்துவிட்டாயா, போவோம், முடிந்தது, எல்லாம் ஹோப்லா. அங்கே விசா கிடைக்காது என்று ஆனதும் கிளம்பினேன். மிலான், நாபொலி, பிறகு கப்பலில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ. இங்கே பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்தது, நின்றேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கடையில் சேர்ந்த முதல் வாரம் அவள் ஒரு தட்டுக் கத்தரிக்காய்ப் பொரியலை நிலத்தில் கொட்டிவிட்டுத் தன் பாஷையில் திட்டினாள். தொட்டிக்குள் கையை வைத்தபடி நான் "ஹோப்லா" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. எங்கே கற்றாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வெங்காய மூட்டையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அன்றிலிருந்து வேலை நேரம் முழுவதும் என்னோடு அந்தப் பாஷையில்தான் கதைத்தாள். எனக்குப் பாதி விளங்காது. மீதியை இத்தாலியனில் சொல்லுவாள். அவள் சொன்னதை என் பேச்சுத் தமிழில்தான் எழுத முடியும், அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம் சமைப்பதற்கான ஆர்ட்டிசோக் பூமொட்டுகளின் முள்ளை வெட்டிக்கொண்டிருக்கும்போது தன் தாயைப் பற்றிச் சொன்னாள். இவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், வீட்டிலும் பிள்ளைகளோடு பிரெஞ்சிலேயே பேச வேண்டும், வீட்டுப் பாஷை சண்டைக் காலத்தில் நம்மைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரரின் பாஷை என்று வாத்தியார் தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். தாய் சொன்னபடி செய்தாள். ஆனால் தாய்க்குப் பிரெஞ்சு சரியாக வராது. சாப்பிடு, படு, கால் கழுவு, அவ்வளவுதான். வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. தாய் வாயைத் திறந்தது கோழிக்கூட்டில் மட்டும். தீனி போடும்போது கோழிகளிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். யார் செத்தது, புருஷன் எவ்வளவு குடித்தான், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது. இவள் கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து கேட்பாளாம்.

"அம்மா என்னோட ஒரு நாளும் அந்தப் பாஷையில கதைக்கேல்லை" என்றாள். "நான் நல்லாப் படிக்கிறன் எண்டு அம்மா கோழியளுக்குத்தான் சொன்னவ."

அதை வைத்து அவள் ஒரு பாட்டு கட்டியிருந்தாள். கோழிகளைக் கூப்பிடுவதில் தொடங்கி, தாய் அவற்றுக்குச் சொன்னதெல்லாம் அதில் வருமாம். அவளுடைய ஊரில் பாஷையைக் காப்பாற்றுவதற்கென்று கோடையில் ஒரு விழா நடக்கும். கவிதை, பாட்டு, நாடகம் எல்லாம் இருக்கும். ஆண்கள் சிவப்பு வேஸ்ட்கோட் போடுவார்கள், பெண்கள் தலையில் காகம் சிறகு விரித்ததுபோல் பெரிய கறுப்பு நாடா கட்டுவார்கள். இளவயதில் இந்தப் பாட்டை அந்த விழாக் குழுவிடம் கொண்டுபோனாள். ஊரின் அடையாளமான நாரை எங்கே, திராட்சைத் தோட்டம் எங்கே, கோழிப் பீயை மேடையில் ஏற்றினால் வெளியூரார் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் நடந்தது பிரெஞ்சில் என்பதையும் சொன்னாள். எனக்கு அப்போதே அந்தக் குழுவில் இருந்தவர்களின் முகம் தெரிந்தது. அந்த முகங்களை நான் வேறு நிறத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பாடிக் காட்டு என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். தனி ஒருவன் கேட்டால் தானும் கோழிக்கூட்டில் நிற்கிற தன் தாய்தான், நாலு பேர் கூடியிருந்து கேட்டால்தான் அது பாட்டு என்றாள். அப்படி ஒரு முறையாவது பாட வேண்டும் என்பது அவளுக்குள் கிடந்தது. வேறு ஆசை அவளிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சங்கம் ஆண்டுதோறும் சீசாவில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை எடுத்துத் தாய்மொழி விழா வைக்கும். அறையில் என்னோடு இருந்த மொரிசியஸ்காரன்தான் அதில் இறைவணக்கம் பாடுவான். தமிழ் வம்சம், ஒரு சின்யோராவின் வீட்டில் துப்புரவு வேலை. வீட்டில் கிரியோல், வெளியில் பிரெஞ்சு, இப்போது இத்தாலியன். தமிழ் அவனுக்குக் காவடிப் பாட்டில் மட்டும்தான் வரும், அதுவும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவான். பாடினால் மாடிப்படி முழுவதும் நிறையும். அர்த்தம் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். பாட்டு முருகனுக்குத்தானே, அவருக்குத் தெரிந்தால் போதாதா என்றான்.

அவனுக்கே இடம் இருக்கும் மேடையில் இவளுக்கும் இடம் இருக்கும் என்று நினைத்தேன். சங்கத் தலைவர் ஸ்டேஷன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். போய்ச் சொன்னேன். சின்ன பாஷை ஒன்று, அதைப் பேசுகிற ஒரு மனுஷி, ஒரே ஒரு பாட்டுப் பாடுவாள், அவ்வளவுதான்.

"வெள்ளைக்காரியோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. அல்சாஸ்."

"அது எங்கை கிடக்கு?"

"பிரான்சிலை."

"பிரான்ஸ் எண்டு முதல்லயே சொல்லன் தம்பி" என்றார். மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு என்னோடு கை குலுக்கினார். கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றார். பாட்டுக்கு ஒப்புக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு ஞாயிறு மத்தியானம்தான் உயிர். முதலாளியிடம் அவள் எங்கள் இருவருக்கும் லீவு கேட்டபோது, அடுப்பும் தொட்டியும் ஒரே நாளில் போவதென்றால் திங்கட்கிழமையும் இருவரும் வர வேண்டாம் என்றான். அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுத்த நாள் செருப்பு வாங்கினாள்.

மண்டப வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் அவளுக்குப் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் வைத்தார்கள். கைப்பேசியில் நாதஸ்வரம் போட்டு ஒலிபெருக்கியில் விட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பின்வரிசையில் இரண்டு கதிரை பிடிப்பதற்குள் அவளை மேடைக்கு ஏற்றி நடுக் கதிரையில் இருத்திவிட்டார்கள். குத்துவிளக்கின் முதல் திரியை அவள்தான் ஏற்றினாள். பிறகு தலைவர் பொன்னாடை போர்த்தினார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அப்போதுதான் எடுத்தது, மடிப்புக் கலையாமல் பலகைபோல் நின்றது. படம் எடுத்தார்கள். கொஞ்சம் திரும்பச் சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். இங்கே பாடுகிறவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் செய்வார்கள் போலும் என்று அவள் நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

அதன் பிறகு பேச்சு. தமிழ் சாகாது என்று ஒருவர் பேசினார். தமிழ் சாகப்போகிறது என்று அடுத்தவர் பேசினார். இருவருடைய பிள்ளைகளும் வாசலில் பலெர்மோத் தெரு இத்தாலியனில் பந்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கவியரங்கம் என்று நாலு பேர் ஏறினார்கள். ஒவ்வொருவரும் தமிழைத் தாய் என்றார்கள், பிறகு கன்னி என்றார்கள், ஒரே கவிதையில். உயிர், மயிர், பயிர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் சால்வை. பிள்ளைகளின் கவிதைப் போட்டி என்று சொல்லி ஒரு பெண் குழந்தையை ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள். அது இத்தாலிய எழுத்தில் எழுதிய அட்டையைப் பார்த்து வாசித்தது. முன்வரிசையில் இருந்த தாய் ஒவ்வொரு சொல்லுக்கும் தானும் வாயசைத்தாள்.

குழந்தை பாதியில் நிறுத்திவிட்டு, கழிப்பறை எங்கே என்று பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் இத்தாலியனில் கேட்டது. ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"தமிழிலை கேளுங்கோ அம்மா" என்றார் ஆசிரியை, சிரித்தபடி. சபையும் சிரித்தது. குழந்தைக்கு அந்தச் சொல் தெரியவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றது. "தமிழிலை கேட்டால்தான் விடுவம்" என்று முன்வரிசையிலிருந்தும் ஒருவர் சொன்னார்.

சமையல்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கால் மாற்றுகிற குழந்தையைப் பார்த்தால் எவருக்கும் தெரியும். நடுக் கதிரையிலிருந்து எழுந்து வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். பிரதம விருந்தினர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார் என்று நினைத்துச் சங்கத்து ஆண்கள் நாலு பேர் பின்னால் ஓடினார்கள். கழிப்பறை வாசல்வரை போய்க் கைகட்டி நின்று, இருவரையும் மரியாதையாகத் திரும்ப மேடைக்கு அழைத்து வந்தார்கள். குழந்தைக்கு முதற்பரிசு அறிவித்தார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தைச் சாயங்காலப் பூசைக்கு முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேடையிலிருந்து அவள் என்னைத் தேடிக் கண்ணால் கேட்டாள். நான் பக்கவாட்டுக் கதவால் போய்த் தலைவரைப் பிடித்தேன்.

"அண்ணை, அவ எப்ப பாடுறது?"

"ஆர் பாடுறது?"

"அவதான். அதுக்குத்தானே வந்தவ."

அவருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "விசர்க்கதை கதையாத தம்பி. பிரதம விருந்தினரை ஆரும் பாடச் சொல்லிக் கேக்கிறதோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

"அவ விருந்தினரா வரேல்லை அண்ணை. பாட எண்டு வந்தவ."

"வரேக்க பாட வந்தவ, நான் இல்லை எண்டேல்லை. இப்ப பொன்னாடை போத்தியாச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சூது எதுவும் இல்லை. பாடுகிறவள் என்ற இடத்திலிருந்து அவளைத் தூக்கி ஆக உயரமான இடத்தில் வைத்திருக்கிறார். அங்கிருந்து அவளை இறக்கு என்று நான் கேட்கிறேன். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு கொலையை இவ்வளவு பணிவாகச் செய்ய வரும். அவள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று சொன்னேன். அப்போதுதான் கொஞ்சம் இளகினார். சரி, சிறப்புரை என்று கூப்பிடுகிறேன், இரண்டு நிமிஷம், அதற்குள் பேசினாலும் பாடினாலும் அவவின் விருப்பம் என்றார்.

மொரிசியஸ்காரன் அவள் காதில் பிரெஞ்சில் சொன்னான். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, பிரான்ஸ் நாட்டின் சார்பில் வருகை தந்திருக்கும் மாண்புமிகு விருந்தினர் என்றார். தமிழில் அவளுக்கு விளங்கியது பிரான்ஸ் என்ற ஒரு சொல்தான். அதற்கே அவள் முகம் மாறியது. ஆனாலும் வந்து நின்றாள். வணக்கம் சொல்லவில்லை, முன்னுரை இல்லை, தாளம் இல்லை. பயத்தில் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தொடங்கினாள். முதல் அடி கோழிகளைக் கூப்பிடும் கூப்பாடு. தாழ்ந்த குரலில் நீளமாக, மெதுவாக இழுத்தாள். அவள் குரல் அப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குசினியில் கேட்ட குரல் அது இல்லை.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை, அடுத்த வரிசை. கதிரைகள் நிலத்தில் உரசும் சத்தம் பின்னால்வரை போயிற்று. பெண்கள் பிள்ளைகளை இழுத்து நிமிர்த்தினார்கள். வாசலில் நின்ற பொடியன்கள் கைப்பேசியைக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு விறைத்து நின்றார்கள். மேடையில் தலைவரும் கவிஞர்களும் தலை குனிந்து நின்றார்கள். பிரெஞ்சு தெரிந்த மொரிசியஸ்காரன்கூட நெஞ்சில் கை வைத்திருந்தான்.

பிரான்சின் தேசிய கீதம் என்று நினைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரி, பிரான்சின் சார்பில் வந்தவள், விறைப்பாக நின்று, வாத்தியம் இல்லாமல் மெதுவாக ஒன்றைப் பாடினால் அது வேறு என்னவாக இருக்கும்? அதோடு, இப்படி எழுவது எங்கள் உடம்புக்குப் பழகிப்போன வேலை. முட்கம்பிக்குள் இருந்தபோது காலையில் ஆமிக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி, விளங்காத பாஷையில் ஒரு பாட்டுப் போடுவார்கள். நேராக நிற்க வேண்டும். நிற்காதவனை அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் அப்படி நின்றவர்கள். மூளைக்குச் செய்தி போகுமுன் முழங்கால் எழுந்துவிடும். நான் எழவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் என் கைகளும் உடம்போடு ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கண்டேன்.

அவள் சுவரிலிருந்து கண்ணை இறக்கிச் சபையைப் பார்த்தாள். இன்னும் இரண்டு அடி பாடினாள். குரல் தேய்ந்தது. மூன்றாவது அடியின் நடுவில் நிறுத்தினாள்.

எவரும் அசையவில்லை. அடுத்த சரணம் வரும் என்று காத்திருந்தார்கள். அந்த விழாவில் அவ்வளவு அமைதியாக யாரும் எதையும் கேட்டதில்லை. கடைசியில் தலைவர் கையைக் காட்டி எல்லோரையும் அமரச் சொன்னார். கைதட்டல் கூரையில் மோதியது. தன் நாட்டின் கீதத்தை எங்களுக்காகப் பாடிய அந்தப் பெருமாட்டிக்கு எங்கள் நன்றி என்று அவர் சொன்னதில் நடிப்பில்லை. நினைவுச் சின்னத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு மேடையின் படியில் இறங்கி, கதிரைகளுக்கு நடுவே நடந்து, வாசல் வழியாக வெளியே போனாள். வழியில் சிலர் மறுபடி எழுந்தார்கள். நான் பின்னால் ஓடினேன்.

தெருவில் அவளைப் பிடித்தபோது, திரும்பிப் போய்த் தலைவரிடம் விளங்கப்படுத்துகிறேன் என்றேன்.

"என்னெண்டு சொல்லுவாய்?" என்று கேட்டாள். "அது கோழிப்பாட்டு, இருங்கோ எண்டோ?"

அதற்குப் பிறகுதான் கிழவர்களையும் பஸ் தரிப்பையும் தாண்டிப் போனோம். சந்தி தாண்டியதும் அவள் நின்றாள். தன் பாட்டனின் காலத்தில் ஓர் அரசு வந்து எழுந்து நின்று தன் கீதத்தைப் பாடு என்றதாம். அது போய் மற்றது வந்து தன்னுடையதைப் பாடு என்றதாம். பாட்டனுக்கு அடுத்தவனின் சீருடையைப் போட்டுச் சண்டைக்கும் அனுப்பினார்களாம். அவர்கள் வீட்டில் கீதம் இல்லாமல் மிஞ்சிய ஒரே இடம் அந்தக் கோழிக்கூடு என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வாயில் கெட்டது ஏதோ பட்டதுபோல் தெருவோரம் துப்பினாள்.

"ஊரிலை பாடியிருந்தால் சிரிச்சிருப்பினம்" என்றாள். "சிரிச்சால் என்ன சொல்லுறது எண்டு இத்தனை வருஷமா யோசிச்சு வைச்சிருந்தனான். எழும்பி நிண்டால் என்ன சொல்லுறது?"

சாப்பாட்டுப் பொதியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எண்ணெயில் பை கிழிந்துவிட்டிருந்தது.

ஸ்டேஷன்வரை நடந்தோம். கடையின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே முதலாளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்த சனத்துக்கு அவன் தானே சமைத்திருக்கிறான், பாதிப்பேர் தட்டை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சால்வை இல்லை, ஏப்ரன் இருந்தது. உன் தொட்டியில் வேறு ஆள் நிற்கிறான் என்றாள். காலையிலேயே முதலாளி வாசலில் போன ஒரு காம்பியாக்காரப் பொடியனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறான். சமையல்காரி கிடைப்பது கஷ்டம், கோப்பை கழுவ ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்காகச் சண்டை பிடிக்கப் போனவளை வேண்டாம் என்றேன். அந்தப் பொடியனுக்கும் வயிறு இருக்கிறது.

பின்முற்றத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம். அந்தப் பாட்டை இப்போது பாடு, நான் உட்கார்ந்தே கேட்கிறேன் என்றேன். காலி எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்தும் காட்டினேன்.

"நீ ஒருத்தன்" என்றாள். "ஒருத்தன் காணாது."

உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டான். "ஹோப்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை வேலை தேடிக் கபோ சந்தைக்குப் போனேன். முதலில் மீன்காரர்களிடம் கேட்டேன், ஆள் வேண்டாம் என்றார்கள். ஒலிவக்காயும் உப்பு நெத்தலியும் விற்கும் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தான். தொண்டையில் சத்திரசிகிச்சை, குரல் காற்றாக வந்தது. பெர்மெசோ இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது. பீப்பாய் தூக்குவாயா. தூக்குவேன். கத்துவாயா என்று கேட்டான். அந்தச் சந்தையில் கத்தாத கடைக்கு எவரும் வர மாட்டார்கள். அவன் என் காதருகே குனிந்து, கத்த வேண்டியதைச் சிசிலி பாஷையில் இரண்டு தடவை சொன்னான். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அது இல்லை. அர்த்தம் என்ன என்று கேட்டேன். கத்து, வருவார்கள் என்றான்.

கத்தினேன். எல்லோரும் தங்கள் பாட்டில் போனார்கள். இன்னொரு முறை கத்தினேன். பை தூக்கிக்கொண்டு போன ஒருத்தி நடையை நிறுத்தாமலே என் உச்சரிப்பைத் திருத்திச் சொல்லிவிட்டு, பிறகு நின்று, பச்சை ஒலிவக்காயில் கால் கிலோ போடு, போன முறைபோல் கொட்டைதான் மிஞ்சினால் கொண்டுவந்து முகத்தில் எறிவேன் என்றாள். நான் துளைக் கரண்டியை எடுத்து உப்புத் தண்ணீருக்குள் விட்டேன்.